வண்டி எத்தனை, ஆள் எத்தனை?

நியூ ஜெர்சியில் தீயணைப்பை நடத்தும் ஃபயர் டிஸ்ட்ரிக்டுகள் பலவற்றுக்கு வரும் சனிக்கிழமை தேர்தல். பிற்பகல் 2 மணிக்குத் தொடங்கி இரவு 9 மணிக்கு முடிகிறது. இதைப் பற்றிச் சில வாரங்களாக வரும் கடிதங்களில் ஒரே குழப்பம்தான் திரும்பத் திரும்பத் தெரிகிறது. ஒரே ஊரில் இருக்கும் மூன்று டிஸ்ட்ரிக்டுகளையும் ஒன்றாக்கினால் வீட்டு வரி குறையும் என்கிறது ஒரு துண்டறிக்கை. ஒன்றாக்கினால் வண்டிகள் குறையும், வீட்டுக் காப்பீட்டுக் கட்டணம் ஏறும் என்கிறது இன்னொன்று. எதை நம்புவது?

இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் சனிக்கிழமை வாக்குச்சீட்டில் இணைப்பு பற்றிய கேள்வி பெரும்பாலான ஊர்களில் இருக்கப்போவதில்லை. கமிஷனர் பதவிகளும் ஆண்டு பட்ஜெட்டும் இருக்கும். சில இடங்களில் புதிய வண்டி வாங்க அனுமதி கேட்கும் தனிக் கேள்வியும் இருக்கும். பலரும் படிக்காமல் கடந்துபோகும் அந்த மூன்றாவது கேள்வியில்தான் இணைப்பு விவாதத்தின் வேர் இருக்கிறது.

தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு விளங்காமல் போவதில் வியப்பில்லை. அங்கே மாநிலம் முழுவதற்கும் ஒரே தீயணைப்புத் துறை. இங்கே மன்றோ டவுன்ஷிப்பில் மூன்று டிஸ்ட்ரிக்டுகள், தெற்கு பிரன்ஸ்விக்கில் மூன்று. பக்கத்திலுள்ள எடிசனிலோ அது நகராட்சியின் நேரடித் துறை. ஒவ்வொரு டிஸ்ட்ரிக்டுக்கும் ஐந்து கமிஷனர்கள், தனி வரி, தனிக் கொள்முதல்.

'இணைப்பு' என்று அதிகாரிகள் சொல்வது ஒரே பொருளில் அல்ல. அழைப்பு மையத்தைப் பொதுவாக்குவதையும் இணைப்பு என்கிறார்கள். சேர்ந்து வண்டி வாங்குவதையும் இணைப்பு என்கிறார்கள். மூன்று அமைப்புகளைக் கலைத்து ஒன்றாக்குவதும் அதே பெயரில்தான் வருகிறது. 2007ஆம் ஆண்டின் பகிர்வுச் சேவைச் சட்டத்துக்குப் பிறகு மாநிலத் தலைநகர் டிரெண்டனில் இருந்து வந்த அறிக்கைகள் பலவற்றிலும் சிக்கனம் என்ற வாக்குறுதி இருக்கிறது. ஒரு நிலையமும் மூடப்படாது, ஒரு வண்டியும் குறையாது, ஒருவருக்கும் வேலை போகாது என்ற உறுதிமொழியும் கூடவே வருகிறது. மூன்றும் மாறாது என்றால் மிச்சமாவது தணிக்கையாளர், வழக்கறிஞர், கமிஷனர்களின் படி, அலுவலகச் செலவு ஆகியவைதான். அது உண்மையான மிச்சம், மறுக்கவில்லை. ஆனால் இன்று தண்ணீர் இறைக்கும் ஒரு பம்பர் வண்டியின் விலை பத்து லட்சம் டாலரை நெருங்குகிறது. ஏணி வண்டி இருபது லட்சத்தைத் தொடுகிறது. பெரிய பணம் வண்டியில்தான் இருக்கிறது. அதைத் தொடாமல் சிக்கனம் பேசுகிறவர்களிடம் கணக்கைக் காட்டச் சொல்ல வேண்டும்.

ஒரே ஊருக்குள் மூன்று ஏணி வண்டிகள் எப்படி வந்து சேர்ந்தன? இதற்கு விடை தேடினால் ஐ.எஸ்.ஓ. என்ற பெயரில் போய் நிற்போம். நம் ஊர்த் தொழிற்சாலைச் சுவர்களில் எழுதியிருக்கும் ஐ.எஸ்.ஓ. அல்ல இது. காப்பீட்டு நிறுவனங்களுக்காக ஊர்களின் தீயணைப்புத் திறனை அளந்து 1 முதல் 10 வரை வகுப்புக் கொடுக்கும் தனியார் அமைப்பு. 1 சிறந்தது, 10 என்றால் அங்கீகரிக்கத்தக்க பாதுகாப்பு இல்லை என்று பொருள். இதன் உரிமையாளரான வெரிஸ்க் நிறுவனத்தின் தலைமையகம் நம் ஜெர்சி சிட்டியிலேயே இருக்கிறது. 'ஐ.எஸ்.ஓ. கேட்கிறது' என்று கமிஷனர்கள் சொல்லும்போது அது அரசு ஆணை போல ஒலிக்கும். அது அரசு ஆணை அல்ல.

மதிப்பெண் இப்படிப் பிரிகிறது. அழைப்பு மையத்துக்கு 10, தீயணைப்புத் துறைக்கு 50, தண்ணீர் வழங்கலுக்கு 40. தீத்தடுப்புப் பணிக்குக் கூடுதலாக ஐந்தரை. மொத்தத்தில் ஏறக்குறைய பத்துப் புள்ளிக்கு ஒரு வகுப்பு. தண்ணீரின் 40 பெரும்பாலும் குடிநீர் நிறுவனத்தின் கையில் இருப்பதால் டிஸ்ட்ரிக்டுகளை இணைத்தாலும் இணைக்காவிட்டாலும் அது மாறாது. கவனிக்க வேண்டியது துறைக்கான 50. அதற்குள் பம்பர் வண்டிகளுக்கு 6, மாற்று பம்பருக்கு அரை, பம்புத் திறனுக்கு 3, ஏணி வண்டிக்கு 4, மாற்று ஏணி வண்டிக்கு அரை. ஆக இயந்திரங்களுக்கு மட்டும் 14. அந்த வண்டிகளில் ஏறி வரும் மனிதர்களுக்கு 15. பயிற்சிக்கு 9. வண்டிகள் ஊரில் எப்படிப் பரவி நிற்கின்றன என்பதற்கு 10. மீதி 2 செயல்முறை விதிகளுக்கு.

ஏணி வண்டி எப்போது தேவை என்பதற்கும் விதி இருக்கிறது. மதிப்பிடப்படும் எல்லைக்குள் மூன்று மாடி அல்லது 35 அடிக்கு மேற்பட்ட கட்டடங்கள் ஐந்து இருந்தால் போதும். மத்திய ஜெர்சியில் கடந்த முப்பது ஆண்டுகளில் முளைத்த டவுன்ஹவுஸ் குடியிருப்புகளை நினைத்துப் பாருங்கள். எந்த டிஸ்ட்ரிக்டில் அப்படி ஐந்து கட்டடம் இல்லை? ஒவ்வொரு டிஸ்ட்ரிக்டும் தனித்தனியாக மதிப்பிடப்படுவதால் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஏணி வண்டி 'தேவை' ஆகிவிடுகிறது. இரண்டு சாலை தள்ளிப் பக்கத்து டிஸ்ட்ரிக்டின் ஏணி வண்டி சும்மா நிற்பது இந்தக் கணக்கில் தானாக ஏறாது.

தானாக ஏறாது என்றேன். ஏற்றுவதற்கு வழி உண்டு. முதல் அழைப்பிலேயே பக்கத்து டிஸ்ட்ரிக்டின் வண்டியும் புறப்படும் என்று இரு தரப்பும் ஒப்பந்தம் செய்து, அழைப்பு மையம் அதை 24 மணி நேரமும் நடைமுறைப்படுத்தினால், அந்த வண்டிக்கு மதிப்பெண் பெறலாம். இதைத் தானியங்கி உதவி என்கிறார்கள். கேட்டால் மட்டும் அனுப்பும் பரஸ்பர உதவியிலிருந்து இது வேறு. முழு மதிப்பெண் கிடைக்காமல் போகலாம். ஆனால் இருபது லட்சம் டாலர் செலவும் இல்லை. 'ஏணி வண்டி வாங்காவிட்டால் வகுப்பு சரியும்' என்று சொல்லும் கமிஷனரிடம், தானியங்கி உதவி ஒப்பந்தம் போட்டுப் பார்த்தீர்களா என்று கேட்பது நியாயமான கேள்வி.

மதிப்பெண்ணையும் கேளுங்கள். உங்கள் டிஸ்ட்ரிக்டின் மொத்தம் 78 என்று வைத்துக்கொள்வோம். ஏணி வண்டிக்கான 4 முழுவதும் போனாலும் 74. வகுப்பு 3 அப்படியே நிற்கும். 72 என்றால் 68க்கு இறங்கி வகுப்பு 4 ஆகும். துண்டறிக்கைகளில் வகுப்பு எண் மட்டும் பெரிய எழுத்தில் வருகிறது. மதிப்பெண் எங்கும் வருவதில்லை. ஒரு படி சரிந்தாலும் வீட்டுக் காப்பீட்டில் எவ்வளவு ஏறும் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். எல்லா நிறுவனங்களும் இந்த வகுப்பைப் பார்த்துக் கட்டணம் போடுவதும் இல்லை. உங்கள் நிறுவனத்தைத் தொலைபேசியில் கேட்டால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இந்த அளவீட்டுமுறையே தவறு என்று நான் சொல்லவரவில்லை. 1904 பிப்ரவரியில் பால்டிமோர் நகரம் எரிந்தபோது வாஷிங்டன், ஃபிலடெல்ஃபியா, நியூயார்க் நகரங்களிலிருந்து உதவிக்கு ஆட்கள் வந்தார்கள். அவர்கள் கொண்டுவந்த குழாய்களின் இணைப்பு வாய் பால்டிமோரின் ஹைட்ரண்டுகளில் பொருந்தவில்லை. 1,500க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. அதன் பிறகுதான் பொதுத் தரங்கள் பற்றிய பேச்சு வலுத்தது. காப்பீட்டாளர்களின் முதல் மதிப்பீட்டு அட்டவணை 1916இல் வந்தது. ஊர்களை ஒழுங்குக்குக் கொண்டுவந்ததில் அதற்குப் பங்கு உண்டு. என் கவலை வேறு. வண்டிக்கும் ஆளுக்கும் ஏறத்தாழ ஒரே எடை கொடுக்கும் இந்த அளவீடு, நியூ ஜெர்சியின் வரி வரம்புச் சட்டத்தோடு சேரும்போது என்ன ஆகிறது என்பதுதான்.

ஃபயர் டிஸ்ட்ரிக்டுகள் ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் வரியை உயர்த்தக் கூடாது; மீற வேண்டுமானால் வாக்காளர் ஒப்புதல் வேண்டும். இந்த வரம்புக்கு விலக்குகள் உண்டு. மூலதனச் செலவும் கடன் தவணையும் அவற்றில் முக்கியமானவை. இப்போது ஒரு கமிஷனரின் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். பகல் நேரத்துக்கு இரண்டு சம்பள வீரர்களை நியமித்தால் அந்தச் சம்பளம் வரம்புக்குள் வந்து இடிக்கும். புதிய வண்டியைக் கடனில் வாங்கினால் தவணை வரம்புக்கு வெளியே போய்விடும். தன்னார்வலர்களை நம்பியிருக்கும் டிஸ்ட்ரிக்டுகளுக்கு இன்னொரு தடையும் உண்டு: அழைப்புக்கு வீட்டிலிருந்து ஓடிவரும் மூன்று தன்னார்வலர்களை ஐ.எஸ்.ஓ. ஒரு பணிநேர வீரராகத்தான் எண்ணுகிறது. ஆட்களால் மதிப்பெண் ஏற்றுவது கடினம், வரிக் கணக்கிலும் கடினம். வண்டியால் ஏற்றுவது இரண்டிலும் எளிது. யாரும் ஊழல் செய்ய வேண்டியதில்லை. நேர்மையான கமிஷனரைக் கூட இந்த இரண்டு விதிகளும் சேர்ந்து வண்டிக்கடை வாசலில் கொண்டு நிறுத்திவிடும்.

தீயின் முன்னால் இந்தக் கணக்கு எடுபடாது. அமெரிக்க அரசின் நிஸ்ட் நிறுவனம் 2010இல் ஒரு சோதனையை வெளியிட்டது. சாதாரண இரண்டு மாடி வீடு. 22 அடிப்படை வேலைகள். வண்டிக்கு இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து பேர் என்று குழுக்களை மாற்றி மாற்றி நேரம் அளந்தார்கள். நான்கு பேர் வந்த குழுக்கள் மூன்று பேர் குழுக்களை விட 25 சதவீதமும், இரண்டு பேர் குழுக்களை விட 30 சதவீதமும் வேகமாக முடித்தன. நிமிடத்தில் சொன்னால் முறையே ஐந்தும் ஏழும். வீட்டுக்குள் ஆள் சிக்கியிருக்கும் தீயில் அந்த ஏழு நிமிடம் உயிர்.

ஆட்களோ குறைந்துகொண்டே போகிறார்கள். பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவில் 1970களில் 3 லட்சம் தன்னார்வலர்கள் இருந்தார்கள் என்றும் இப்போது 40 ஆயிரத்துக்கும் கீழே இறங்கிவிட்டது என்றும் அந்த மாநிலச் சட்டமன்றம் அமைத்த குழு 2018இல் சொன்னது. டெலாவேர் ஆற்றுக்கு இந்தப் பக்கம் மட்டும் வேறு உலகம் என்று நினைக்க முடியாது. இரண்டு பேர் வேலைக்குப் போகும் வீடு, நீண்ட பயணம், நூற்றுக்கணக்கான மணி நேரப் பயிற்சி: இதற்கு நடுவே செவ்வாய்க்கிழமை காலை 11 மணிக்கு அழைப்பு வந்தால் யார் வருவது?

அதனால் ஒரே டவுன்ஷிப்புக்குள் இருக்கும் டிஸ்ட்ரிக்டுகளை இணைப்பதை நான் ஆதரிக்கிறேன். காரணம் வரிச் சிக்கனம் அல்ல. மூன்று ஏணி வண்டிகளில் ஒன்றை மாற்றாமல் விட்டு, அந்தப் பணத்தைப் பகல் நேர வீரர்களுக்குத் திருப்ப முடியும் என்பதே காரணம். பரவலுக்கான மதிப்பெண் கணக்கும் இதற்கு இடம் தருகிறது. ஏணி வண்டிக்கு இரண்டரைச் சாலை மைல், பம்பருக்கு ஒன்றரை மைல் என்பதுதான் அளவுகோல். ஒன்றின் எல்லைக்குள்ளேயே இன்னொன்று நிற்கும்போது இரண்டாவதால் பெரிய ஆதாயம் இல்லை. பம்பர்கள் விஷயத்தில் இதைச் செய்யக் கூடாது. நிலையங்களை மூடவும் கூடாது. வண்டியில் மிச்சமானதை வரிக்குறைப்பாகப் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டால் இணைப்பே வீண்.

இணைந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதற்கும் ஆதாரம் இல்லை. ஹட்சன் கவுன்டியில் யூனியன் சிட்டி, வெஸ்ட் நியூயார்க், நார்த் பெர்கன், வீஹாக்கன், கட்டன்பெர்க் ஆகிய ஐந்து ஊர்கள் 1999இல் தங்கள் துறைகளை ஒன்றாக்கின. இன்றும் சேர்ந்தே இயங்குகின்றன. ஆனால் அவை தோளோடு தோள் ஒட்டிய நெருக்கமான நகரங்கள். கிடங்குகளும் வயல்களும் கலந்த மன்றோவுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. இன்னொரு பக்கம் லாஸ் ஏஞ்சலிஸ். ஒரே பெரிய நகரத் துறை. 2025 ஜனவரியில் மலைத்தீ வந்தபோது அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட வண்டிகள் ஓடாமல் நின்றிருந்தன. மெக்கானிக்குகள் போதவில்லை என்று அன்றைய தலைவர் கிறிஸ்டின் குரோலி முன்பே முறையிட்டிருந்தார்.

இதற்கிடையே வண்டி செய்கிறவர்கள் நமக்கு முன்பே இணைந்துவிட்டார்கள். இ-ஒன், கே.எம்.ஈ., ஃபெராரா, ஸ்பார்ட்டன் என்று தனித்தனியாக இருந்த பெயர்கள் ரெவ் குழுமத்தின் கீழ் வந்தன. பியர்ஸ், ஆஷ்காஷ் நிறுவனத்துடையது. ஆஸ்திரியாவின் ரோசன்பாவர் மூன்றாவது. விலை ஏறியதற்கும் வண்டிக்கு வருடக்கணக்கில் காத்திருப்பதற்கும் இந்தக் குவிப்புதான் காரணம் என்று விஸ்கான்சினின் லா கிராஸ் நகரம் 2025இல் வழக்குத் தொடுத்தது. நீதிமன்றம் என்ன சொன்னாலும், தனித்தனி டிஸ்ட்ரிக்டாகப் போய் ஒற்றை வண்டிக்கு விலை பேசுவது இந்தச் சந்தையில் பலவீனமான நிலை.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக.

வண்டிக்குப் பதினைந்து வயது ஆனால் மாற்றியே ஆக வேண்டுமா? இல்லை, 15 ஆண்டுக்குப் பிறகு மாற்று வண்டியாக வை, 25க்குப் பிறகு விலக்கு என்பது தீப் பாதுகாப்புத் தரங்களை வகுக்கும் என்.எஃப்.பி.ஏ. அமைப்பின் பரிந்துரை, சட்டம் அல்ல.

எங்கள் டிஸ்ட்ரிக்டில் சனிக்கிழமை தேர்தல் என்று யாரும் சொல்லவில்லையே? சில டிஸ்ட்ரிக்டுகள் 2017 சட்டத்தைப் பயன்படுத்தி நவம்பருக்கு மாறிவிட்டன. கவுன்டி கிளார்க் அலுவலகத்தில் கேளுங்கள்.

நவம்பர் நல்லதுதானே? வாக்களிப்பவர்கள் கூடுவார்கள், ஆனால் வரி வரம்புக்குள் இருக்கும் பட்ஜெட் அதன் பிறகு வாக்குக்கே வராது.

தபால் வாக்கு? வெள்ளிக்கிழமை பிற்பகல் 3 மணி வரை கிளார்க் அலுவலகத்துக்கு நேரில் போய் விண்ணப்பிக்கலாம்.

பட்ஜெட் தோற்றால் வண்டிகள் நின்றுவிடுமா? நிற்காது, டவுன்ஷிப் கவுன்சில் தொகையை முடிவு செய்யும்.

ஐ.எஸ்.ஓ. மதிப்பெண் தாளை எப்படிப் பெறுவது? டிஸ்ட்ரிக்டுக்குப் பொது ஆவணச் சட்டத்தின்கீழ் எழுதிக் கேளுங்கள்.

கிரீன் கார்டு, எச்-1பி வைத்திருப்பவர்கள்? வரி உண்டு, வாக்கு இல்லை. ஆனால் கமிஷனர்களின் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை, அங்கே எழுந்து கேட்கக் குடியுரிமை வேண்டியதில்லை.

வாடகை வீட்டில் இருக்கும் குடிமக்கள்? அந்த டிஸ்ட்ரிக்டின் எல்லைக்குள் வாக்காளராகப் பதிந்திருந்தால் முழு உரிமை உண்டு.