சிலை பார்க்கப் போன 4 நண்பர்கள். கடைசியில் பார்த்தது என்ன?

சென்னையில் சிலைக்குப் பஞ்சம் இல்லை. நின்று பார்க்கத்தான் ஆள் இல்லை!

தினமும் பஸ்சில் தொங்கிக்கொண்டு அதே சிலையைத் தாண்டிப் போகிறவரைக் கேளுங்கள். "யாரோ பெரியவரு" என்பார். அதற்குள் ஸ்டாப்பிங் வந்துவிடும்.

இந்தக் குறையைத் தீர்க்க 4 நண்பர்கள் கிளம்பினார்கள். சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை 6 மணி.

ஒருவர் பாத்திரக் கடை முதலாளி. ஒருவர் பாரிமுனை கம்பெனியில் கிளார்க். இன்னொருவர் அச்சகத்தில் பைண்டர். புத்தகம் தைக்கும்போதே படித்தும் விடுவார். நாலாவது ஆள் ஆட்டோ டிரைவர்.

நாலு பேரும் சிந்தாதிரிப்பேட்டையில் ஒரே பள்ளிக்கூடத்தில், ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள்.

"ஆட்டோ என்னுது. கேஸ் காசு உங்களுது. டிபன் முதலாளியுது" என்று டிரைவர் கண்டிஷன் போட்டார். மூவரும் பின் சீட்டில் நெருக்கி உட்கார்ந்தார்கள். வண்டி கிளம்பியது.

கால் வைக்க வளையம் எங்கே?

முதலில் தீவுத்திடல். நடுரோட்டில் குதிரை மேல் உட்கார்ந்திருக்கிறார் சர் தாமஸ் மன்றோ.

1820 முதல் சென்னை மாகாண கவர்னராக இருந்தவர். 1827-ல் சுற்றுப்பயணம் போன இடத்தில், பத்திகொண்டாவில், காலரா வந்து இறந்தார். மக்களிடம் பணம் திரட்டி, லண்டன் சிற்பி பிரான்சிஸ் சான்ட்ரியிடம் சிலை செய்யச் சொன்னார்கள். கப்பலில் வந்த சிலை 1839-ல் நிறுவப்பட்டது.

"குதிரைக்குச் சேணம் இல்ல பாரு. கால் வைக்கிற வளையமும் இல்ல" என்று கிளார்க் கண்டுபிடித்தார்.

"சிற்பி மறந்துட்டான். அப்புறம் தெரிஞ்சு, அவமானத்துல உசுர விட்டுட்டான்" என்றார் முதலாளி. சென்னையில் பல காலமாக உலவும் கதை இது.

பைண்டர் விடவில்லை. "அதெல்லாம் புருடா! அதே ஆளு லண்டன்ல, டிரபால்கர் சதுக்கத்துல, நாலாம் ஜார்ஜ் ராஜாவுக்கும் குதிரைச் சிலை செஞ்சான். அதுலயும் சேணம் கிடையாது, வளையம் கிடையாது. ரெண்டு வாட்டியா மறப்பான்?"

டிரைவர் மட்டும் சிலையைப் பார்க்கவில்லை. கூவம் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சின்ன வயசுல எங்க குடிசையாண்ட இருந்து நடந்து வந்தா, மொதல்ல கண்ணுல படறது இந்தக் குதிரதான்" என்றார். யாரும் பதில் சொல்லவில்லை.

நாலு பேர், ஒரு பாறை

வண்டி நேப்பியர் பாலம் ஏறி இறங்கியது. 2022-ல் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது சதுரங்கக் கட்டம் போல் கறுப்பு வெள்ளை பூசிய அதே பாலம்தான்.

அடுத்து உழைப்பாளர் சிலை. சட்டை இல்லாத நாலு பேர் ஒரு பாறையை நெம்புகிறார்கள். நரம்பு புடைக்கிறது. பார்க்கிறவருக்கே மூச்சு வாங்கும்!

செய்தவர் தேவி பிரசாத் ராய் சவுத்ரி. வங்காளி. 1929-ல் சென்னை ஓவியப் பள்ளிக்குத் தலைவராக வந்தவர். அந்தப் பதவியில் உட்கார்ந்த முதல் இந்தியர். மல்யுத்தமும் பழகியவர். சதைத் திரட்சியை இப்படிச் செதுக்க அந்தப் பழக்கமும் உதவியிருக்கும்.

சிலை திறக்கப்பட்டது 1959 ஜனவரியில். டெல்லி நவீன கலைக்கூடத்திலும் இதே சிலைக்கு ஒரு பிரதி உண்டு. அதே ஆண்டு நேரு திறந்துவைத்த மெரினா காந்தி சிலையும் ராய் சவுத்ரியின் கைவண்ணமே.

இந்தக் கடற்கரைக்கும் உழைப்பாளிக்கும் பழைய உறவு. 1923-ல் இந்தியாவின் முதல் மே தினத்தை சிங்காரவேலர் கொண்டாடியது சென்னைக் கடற்கரையில்தான்.

முதலாளி பெருமூச்சு விட்டார். "இப்படி நாலு ஆள் வேணாம்பா, ஒரு ஆள் கெடச்சாப் போதும். கடைக்கு வேலைக்கு ஆளே கெடைக்கல."

டிரைவர் வாயைத் திறந்தார். பிறகு என்ன நினைத்தாரோ, மூடிக்கொண்டார்.

திருவல்லிக்கேணியில் இட்லி, வடை, காபி. பில் முதலாளியுடையது!

இடம் மாறிய சிலைகள்

பிறகு கண்ணகி சிலை. கையில் சிலம்பு. முகத்தில் கோபம்.

1968-ல் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது மெரினாவில் வரிசையாகச் சிலைகள் வைத்தார்கள். திருவள்ளுவர், அவ்வையார், பாரதியார், பாரதிதாசன், போப், கால்டுவெல், வீரமாமுனிவர்... அந்த வரிசையில் வந்தவள்தான் கண்ணகி.

2001 டிசம்பரில் கண்ணகி பீடத்தை விட்டு இறக்கப்பட்டாள். ஊரெல்லாம் அமளி, போராட்டம். சிலை எழும்பூர் மியூசியத்துக்குப் போனது. 2006-ல் ஆட்சி மாறியது. ஜூன் மாதம் கண்ணகி கடற்கரைக்கே திரும்பி வந்தாள்.

எல்லாச் சிலையும் இப்படித் திரும்பி வந்ததில்லை என்றார் பைண்டர்.

"மவுண்ட் ரோட்டுல நீல்னு ஒரு வெள்ளக்காரத் தளபதி சிலை இருந்துது. 1857 கலகத்துல ஜனங்களக் கொன்னு குவிச்ச ஆளு. சிலைய எடுன்னு 1927-ல சத்தியாகிரகம் பண்ணி ஜெயிலுக்குப் போனாங்க. 1937-ல ராஜாஜி மந்திரிசபை வந்து எடுத்து மியூசியத்துல போட்டுது. சிவாஜி சிலை? 2006-ல இதே பீச் ரோட்டுல வெச்சாங்க. 2017-ல கோர்ட் உத்தரவு போட்டு, அடையாறு மணிமண்டபத்துக்குப் போயிடுச்சு."

அப்போதுதான் டிரைவர் பேசினார்.

"இந்தம்மாவ எடுத்தாங்க. நாலரை வருஷத்துல எடம் திரும்பக் கெடச்சுது. எங்களையும் எடுத்தாங்க. எங்கள யாரு மச்சான் திரும்பக் கொண்டாந்து வெப்பா?"

மூவரும் வாயடைத்து நின்றார்கள்!

20 கிலோ மீட்டர்

கதை இதுதான். கூவம் கரையில் இருந்த குடிசைகளை எடுத்தபோது டிரைவரின் குடும்பத்துக்குக் கண்ணகி நகரில் வீடு ஒதுக்கினார்கள். பழைய மகாபலிபுரம் சாலையில், துரைப்பாக்கத்தை ஒட்டிய மறுகுடியமர்வுக் குடியிருப்பு. 2000-ம் ஆண்டிலிருந்து நகரின் பல மூலைகளில் இருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அங்கே போய்ச் சேர்ந்தன.

பள்ளிக்கூடம் ஏறக்குறைய 20 கிலோ மீட்டர் தள்ளிப் போய்விட்டது. பஸ் காசு கட்டி மாளவில்லை. பத்தாவது பரீட்சைக்கு முன்பே படிப்பு நின்றது.

அதன் பிறகும் நண்பர்கள் டீக்கடையில் சந்தித்தார்கள். கல்யாணத்துக்கு மண்டபத்துக்கு வந்தார்கள். ஆனால் இத்தனை வருஷத்தில் ஒருவர்கூட அவர் வீட்டுக்குப் போனதில்லை.

ஏன்?

"அந்த ஏரியா பேரச் சொன்னாலே எங்க வீட்ல பயந்தாங்க. உண்மையச் சொன்னா எனக்கும் பயம்தான்" என்று கிளார்க் ஒப்புக்கொண்டார்.

"வண்டிய அங்க விடு" என்றார் முதலாளி. "அங்கயும் சுவத்துல படம் வரைஞ்சிருக்காங்களாமே? அதையும் பாத்துடலாம்."

சுவரில் சிரிக்கும் பிள்ளைகள்

பேச்சு நிஜம்தான். 2020-ல் 'ஸ்டார்ட் இந்தியா' என்ற கலை அமைப்பும் சென்னை மாநகராட்சியும் சேர்ந்து கண்ணகி நகர் மாடிச் சுவர்களில் படம் தீட்ட ஏற்பாடு செய்தார்கள். உள்ளூர் ஓவியர்களும் வெளியூர் ஓவியர்களும் வந்தார்கள். மாடி உயரத்துக்கு முகங்கள். ஒரு சுவர் முழுக்கச் சின்னப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

நண்பர்கள் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தார்கள்.

"முன்னெல்லாம் வீட்டுக்கு வழி சொல்லணும்னா பிளாக் நம்பர் சொல்லி மாளாது. இப்ப, படம் போட்ட சுவத்தாண்ட வா, பின்னாடி மூணாவது வாசல்னு சொல்லிடுவேன்" என்றார் டிரைவர்.

வீடு ஒரே அறை. டிரைவரின் தாயார் மூவரையும் பெயர் சொல்லியே கூப்பிட்டார். சின்ன வயதில் கூவம் கரைக் குடிசையில் அவர் கையால் சோறு வாங்கித் தின்றவர்கள்தானே!

மதியம் வஞ்சிர மீன் குழம்பு. நாலு பேரும் பாயில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

"படம் எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டார் பைண்டர்.

"நல்லாத்தான் கீது. பார்க்க வெளியூர்லேர்ந்துகூட ஜனங்க வராங்க. சுவத்துக்கு வர்ணம் அடிச்ச கையோட மாடிக் கொழாயவும் பாத்துட்டாங்கன்னா புண்ணியமாப் போவும்" என்றார் அந்த அம்மாள்.

வாசலில் ஓர் இளைஞன் நின்றுகொண்டிருந்தான். டிரைவரின் அக்காள் மகன். பிளஸ் டூ பாஸ். நாலு இடத்தில் வேலை கேட்டானாம். விலாசம் எழுதிக் கொடுத்ததும், "அப்புறம் சொல்றோம்" என்று அனுப்பிவிட்டார்களாம்.

முதலாளி தலைகுனிந்தார். காரணம் இருக்கிறது. போன வருஷம் இதே விலாசத்தோடு வந்த வேறொரு பையனை அவரே அப்படி அனுப்பியிருக்கிறார்!

"காலைல நான் கடைக்கு ஆள் இல்லன்னு சொன்னப்ப இவனச் சொல்ல வேண்டியதுதானே?" என்று டிரைவரிடம் கேட்டார்.

"நீ விலாசம் கேட்டுட்டா என்ன பண்றது? நம்ம சிநேகிதமும் போயிடுமே" என்றார் டிரைவர்.

முதலாளி பையன் பக்கம் திரும்பினார். "நாளைக்குக் காலைல ஒம்பது மணிக்குக் கடைக்கு வந்துடு."

திரும்பும்போது மெரினா வழியாகவே வந்தார்கள். நல்ல இருட்டு. உழைப்பாளர் சிலையில் அந்த நாலு பேரும் பாறையை இன்னும் நெம்பிக்கொண்டுதான் இருந்தார்கள்.

பையன் இப்போது கடையில் பித்தளைக் குடம் எடை போடுகிறான். முதலாளிக்கு ஒரே ஒரு குறை. கண்ணகி நகரிலிருந்து வரும் பஸ் லேட்டானால் அவனும் லேட்டாக வருகிறான்.

"அதுக்கு அவன் என்ன பண்ணுவான், பாவம்!" என்கிறார்.