பள்ளிப் பிள்ளைகளின் இழுப்பு நோய்: அறியப்படாதோர் எத்தனை பேர்?



ஆஸ்துமாவும் அலர்ஜியும் எத்தனை பிள்ளைகளுக்கு இருக்கின்றன என்று நண்பர்கள் பலர் கேட்கிறார்கள். எளிய கேள்வியாகத்தான் தோன்றுகிறது. ஆனால் காய்ச்சலைத் தெர்மாமீட்டரால் அளப்பதுபோல ஆஸ்துமாவை ஒரே சோதனையில் அளந்துவிட முடியாது. இரவெல்லாம் படுக்க முடியாமல் உட்கார்ந்தே விழித்திருந்த பிள்ளை, காலையில் மருத்துவரிடம் வரும்போது நன்றாக மூச்சு விடலாம். ஆகவே பிள்ளையையும் பெற்றோரையும் கேட்டுத்தான் அறிய வேண்டும். கேட்கும் முறை சரியாக இல்லாவிட்டால் எண்ணிக்கையும் சரியாக இராது.

உலகமெங்கும் ஒரே விதமாகக் கேட்டுப் பார்க்கும் பெருமுயற்சி ஒன்று 1991ஆம் ஆண்டில் தொடங்கியது. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரிலிருந்து ஒருங்கிணைக்கப்பட்ட அந்த ஆய்வுக்கு ‘ஐசாக்’ என்று பெயர். உனக்கு ஆஸ்துமா உண்டா என்பதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. கடந்த 12 மாதங்களில் நெஞ்சில் விசில்போன்ற சத்தமோ இழுப்போ வந்ததா, சளிக்காய்ச்சல் இல்லாதபோதும் தும்மல், மூக்கொழுகல், மூக்கடைப்பு வந்தனவா, தோலில் அரிப்புத் தடிப்பு ஆறு மாதமாவது வந்துவந்து போனதா என்று கேட்டார்கள். இழுப்பைக் குறிக்கும் சொல் மொழிக்கு மொழி மாறுபடும் என்பதால், பல இடங்களில் 13, 14 வயதுப் பிள்ளைகளுக்கு மூச்சிரைக்கும் காட்சிகளை வீடியோவில் காட்டி, இப்படி உனக்கு நேர்ந்ததுண்டா என்றும் கேட்டார்கள்.

இதன் முதற்கட்ட முடிவு 1998இல் வெளியானது. 56 நாடுகளில் 155 மையங்களைச் சேர்ந்த, 13, 14 வதுள்ள 4,63,801 பிள்ளைகளின் பதில்கள் அதில் இருந்தன. ஓர் ஊருக்கும் இன்னோர் ஊருக்கும் 20 மடங்கு முதல் 60 மடங்கு வரை வேறுபாடு காணப்பட்டது. பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளில் ஆஸ்துமா அறிகுறிகள் மிக அதிகம். இந்திய மையங்கள் பொதுவாகக் குறைந்த பக்கத்தில் இருந்தன.

அப்படியானால் நமக்குக் கவலையில்லை என்று எண்ணத் தோன்றும். ஐசாக்கின் பணியைத் தொடர்வதற்காக 2012இல் அமைந்த உலக ஆஸ்துமா வலையமைப்பு, இந்தியாவின் ஒன்பது மையங்களில் நடத்திய ஆய்வு 2022இல் வெளிவந்தது. 6, 7 வயதுப் பிள்ளைகளில் 3.16 விழுக்காட்டினருக்கும், 13, 14 வயதுப் பிள்ளைகளில் 3.63 விழுக்காட்டினருக்கும் அந்த ஓராண்டுக்குள் இழுப்பு வந்திருந்தது. அதாவது ஏறத்தாழ முப்பது பிள்ளைகளில் ஒருவர். நம் ஓய்வுநாள் பாடசாலை வகுப்பில் முப்பது பேர் இருந்தால், அவர்களில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம்.

அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது. நாம் நின்று கவனிக்க வேண்டியது இதுதான். பிள்ளைகளோடு பெரியவர்களையும் சேர்த்துப் பார்த்தபோது, இழுப்பு உள்ளவர்களில் 82 விழுக்காட்டினருக்கு ஆஸ்துமா என்று எந்த மருத்துவரும் கண்டறிந்து சொல்லியிருக்கவில்லை. கடுமையான அறிகுறிகள் உள்ளவர்களிலும் 70 விழுக்காட்டினரின் நிலை அதுவே. நோயைத் தடுக்கும் இன்ஹேலரை நாள்தோறும் பயன்படுத்தியவர்கள் நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. இழுப்பெல்லாம் ஆஸ்துமா அல்ல என்பது உண்மை. சளிக்காய்ச்சலாலும் சில பிள்ளைகளுக்கு இழுப்பு வரும். ஆயினும், திரும்பத் திரும்ப வரும் இழுப்பு என்னவென்று பார்க்கப்படாமலே போவது பெரிய குறை.

ஏன் இப்படி? முதலாவது, நாம் அதற்கு வேறு பெயர்கள் வைத்துவிடுகிறோம். ‘சளி உடம்பு’ என்கிறோம். ‘வீசிங் மட்டும்தான், ஆஸ்துமா இல்லை’ என்கிறோம். தக்க சோதனை இல்லாமலே ‘பிரைமரி காம்ப்ளக்ஸ்’ என்று எண்ணிக் காசநோய் மருந்தை மாதக்கணக்கில் கொடுத்த வீடுகளும் உண்டு. இரண்டாவது, பெயரைக் கேட்டாலே அச்சம். பெண்பிள்ளையானால், நாளைக்குத் திருமணத்துக்குத் தடையாகுமே என்று மறைக்கிறார்கள். மூன்றாவது, இடையிடையே பிள்ளை நன்றாயிருக்கும். நோய் போய்விட்டது என்று மருந்தை நிறுத்திவிடுகிறோம்.

உண்மையில் நோய் போய்விடுவதில்லை. ஆஸ்துமா உள்ள பிள்ளையின் மூச்சுக்குழாயின் உட்பக்கம் இழுப்பு இல்லாத நாளிலும் சற்று வீங்கியே இருக்கும். விறகடுப்புப் புகை, சிகரெட் புகை, தலையணைத் தூசியில் வாழும் கண்ணுக்குத் தெரியாத உண்ணிகள், பூஞ்சை, கரப்பான் பூச்சி, சளிக்காய்ச்சல் ஆகியவற்றில் ஏதாவதொன்று தூண்டும்போது குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது, சளி சுரக்கிறது, வழி குறுகுகிறது. அடுக்குத் தும்மலும், கரப்பான் எனப்படும் தோல் அரிப்பும் பல பிள்ளைகளுக்கு இதனோடு சேர்ந்தே வருகின்றன. குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கும் வர வாய்ப்பு அதிகம். ஆனால் இது ஒட்டுவாரொட்டி அல்ல.

மருந்துகள் இரு வகை. சால்பியூட்டமால் இறுகிய தசையை உடனே தளர்த்தும். ஆனால் வீக்கத்தைக் குறைக்காது. வீக்கத்தைக் குறைப்பது புடசோனைடு போன்ற ஸ்டீராய்டு இன்ஹேலர். ஸ்டீராய்டு என்றதும் பெற்றோர் நடுங்குகிறார்கள். மாத்திரையில் மில்லிகிராம் கணக்கில் செல்லும் மருந்து, இன்ஹேலரில் மைக்ரோகிராம் கணக்கில் நேரே நுரையீரலுக்குச் செல்கிறது. இன்ஹேலர் கடைசிக் கட்ட மருந்து என்பதும், பழக்கமாகிவிடும் என்பதும் தவறான எண்ணங்கள். இவ்விரு மருந்துகளும் உலகச் சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளவை.

சிறு பிள்ளைகளுக்கு இன்ஹேலரோடு ஸ்பேசர் என்ற குழல் தேவை. அது கிடைக்காத இடத்தில் என்ன செய்வது? தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகர மருத்துவர்கள், 500 மில்லி பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் துளையிட்டு, இன்ஹேலரைப் பொருத்திக் காற்றுப் புகாமல் ஒட்டிப் பயன்படுத்திப் பார்த்தார்கள். விலைகொடுத்து வாங்கும் ஸ்பேசருக்கு இணையாகவே அது வேலை செய்ததென 1999இல் எழுதினார்கள். எளியவர்களுக்கும் நல்ல சிகிச்சை எட்டாததல்ல என்பதற்கு இது சான்று.

எட்டாமற்போனால் வரும் இழப்பு பெரிது. 2019ஆம் ஆண்டில் உலகில் 26 கோடிக்கும் அதிகமானோருக்கு ஆஸ்துமா இருந்தது. அவ்வாண்டில் ஏறத்தாழ 4,55,000 பேர் அதனால் இறந்தனர். இம்மரணங்களில் பெரும்பாலானவை வருமானம் குறைந்த நாடுகளில்தான் நிகழ்கின்றன.

ஆகவே ஆசிரியர்களும், ஓய்வுநாள் பாடசாலை நடத்துவோரும், தாத்தா பாட்டிமாரும் தயவுசெய்து சில கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். பிள்ளை இரவில் இருமி எழுகிறதா? ஓடியபின் நெஞ்சில் சத்தம் கேட்கிறதா? விளையாடாமல் ஓரமாக உட்கார்ந்துவிடுகிறதா? மாதந்தோறும் ‘சளி’ என்று பள்ளிக்கு விடுப்பா? ஆம் என்றால் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். பேச முடியாதபடி மூச்சு வாங்கினாலோ, விலா எலும்புகளுக்கிடையே தோல் உள்ளிழுத்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

ஒழுங்காக மருந்து எடுக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் மற்றவர்களைப்போல் ஓடியாடலாம், படிக்கலாம், பாடகர் குழுவில் பாடலாம். நோயின் பெயரைச் சொல்ல நாம் கூசாதிருந்தால், அந்தப் பிள்ளை இரவில் நிம்மதியாகத் தூங்கும்.