மச்சாளின் ஊசியை நான் போடலாமா?



சென்ற மாதம் நிகழ்ச்சி முடிந்து ஒலிவாங்கியை நிறுத்திய பிறகு ஓர் அக்கா தொலைபேசியில் வந்தார். "தம்பி, மச்சாள் மெலியிற ஊசி போட்டு 12 கிலோ குறைஞ்சிட்டா. அவவின்ர பேனையில மிச்சம் கிடக்கு. நான் போட்டாப் பிழையோ?" வானொலியில் கேட்க வெட்கமாம். நான் கணக்காளன், வைத்தியன் அல்லன். ஆனால் இந்தக் கேள்வி பல வீடுகளில் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். அதனால் வாசித்து அறிந்ததை எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. கிலோவில் உள்ள நிறையை மீற்றரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வருவது பி.எம்.ஐ. பொதுவான அட்டவணையில் 25 முதல் அதிக நிறை, 30 முதல் உடற்பருமன். அது எங்களுக்கான அட்டவணை அல்ல. தெற்காசியருக்கு வயிற்றிலும் ஈரலிலும் கொழுப்புச் சேர்ந்து, குறைந்த நிறையிலேயே சீனி வருத்தமும் இருதய நோயும் வந்துவிடுகின்றன. ஆகவே பிரித்தானிய வழிகாட்டல் எங்களுக்கு அந்த எல்லைகளை 23, 27.5 என்று குறைத்து வைத்திருக்கிறது. 165 சென்ரிமீற்றர் உயரமானவர் 75 கிலோ என்றால் பி.எம்.ஐ 27.5. வெள்ளைக்காரர் ஒருவருக்கு இன்னும் ஏறக்குறைய ஏழு கிலோ இடமிருக்கும், எங்களுக்கு இல்லை. தராசு இல்லாவிட்டால் அளவுநாடா போதும்: இடுப்பளவு உயரத்தின் பாதிக்குள் இருக்கவேண்டும்.

இலக்கம் மட்டும் போதாது. வைத்தியர் பிரஷர், சீனி, கொலஸ்ரரோல், ஈரல் எல்லாம் பார்ப்பார். குறட்டை விடுகிறீர்களா, பகலில் தூங்கி விழுகிறீர்களா, இரவு வேலையா என்றும் கேட்பார். என்ன குளிசை எடுக்கிறீர்கள் என்ற கேள்விக்குத்தான் எங்கள் ஆட்கள் முழுப் பதில் சொல்வதில்லை. மனஅழுத்தத்துக்கும் நித்திரைக்கும் எடுக்கும் மருந்தை ஒளித்துவிடுகிறோம். அவற்றுள் சில நிறையைக் கூட்டுபவை. ஸ்ரெரொயிட், இன்சுலினும் அப்படியே. போரைக் கண்டு வந்தவர்கள் அந்தக் குளிசைக்கு வெட்கப்பட என்ன இருக்கிறது?

இனி மருந்து. பழைய ஓர்லிஸ்ராற் உணவிலுள்ள கொழுப்பில் மூன்றிலொரு பங்கை உறிஞ்சவிடாமல் தடுக்கும். எண்ணெய்ச் சாப்பாடு சாப்பிட்டால் கழிவறையை விட்டு வரமுடியாது. சிபுட்ராமின் என்ற குளிசை இருதய ஆபத்தினால் 2010 இல் நிறுத்தப்பட்டது. இப்போது பேசப்படுபவை வாரமொருமுறை போடும் செமகுளுரைட், ரிர்செபரைட் ஊசிகள். சாப்பிட்டபின் குடலில் சுரக்கும் ஓமோனைப் போல வேலைசெய்து பசியை அடக்குகின்றன. 2021 இல் வெளியான ஆய்வில் 68 வாரம் செமகுளுரைட் போட்டவர்கள் சராசரியாக 15 வீதம் நிறை குறைந்தார்கள். ஆனால் நிறுத்தி ஒரு வருடத்தில், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. அதாவது கடன் தீர்ந்ததென்று கணக்கை மூடமுடியாது. இது பிரஷர் குளிசை போல நீண்டகால மருந்து.

அந்த அக்காவுக்கு வருகிறேன். பேனையைப் பகிரவே கூடாது. முனையை மாற்றினாலும் ஒருவரின் இரத்தத்திலுள்ள கிருமி மற்றவருக்குப் போகலாம். செமகுளுரைட் 0.25 மில்லிகிராமில் தொடங்கி மாதாமாதம் கூட்டப்படுவது. மச்சாள் இப்போது போடும் அளவில் இவர் தொடங்கினால் வாந்தியோடு படுக்கவேண்டியதுதான். விசாரித்தபோது இன்னொன்றும் வெளிவந்தது: இவர் சீனிக்குக் கிளிக்ளசைட் எடுக்கிறார். இரண்டும் சேர்ந்தால் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். அந்தக் குளிசையின் அளவை வைத்தியர் முதலே குறைக்க நேரிடலாம்.

ஏற்கெனவே வைத்தியர் சொல்லி ஊசி போடுபவர்கள், மேல்வயிற்றில் கடுமையான வலி விடாமல் இருந்து முதுகுக்கும் பரவினால், வாயு என்று ஓமத்தண்ணீர் குடித்துக்கொண்டிராமல் உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள். கணைய அழற்சியாக இருக்கலாம். பிள்ளை பெறும் எண்ணமுள்ள பெண்கள் முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்லவேண்டும். கர்ப்பத்துக்கு இரண்டு மாதம் முன்பே செமகுளுரைட்டை நிறுத்தவேண்டும். ரிர்செபரைட் கருத்தடைக் குளிசையின் வேலையையும் குறைக்கலாம்.

அக்கா குளிசைகளின் பெயரையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வைத்தியரிடம் நேரம் எடுத்திருக்கிறார். மொழிபெயர்க்க மகள் கூடப் போகிறாள்.