வண்டியின் சாட்சிக் கண்

2013 பெப்ரவரி 15 இல் ருஷியாவின் செலியாபின்ஸ்க் நகர்க்கு அருகே விண்கல் வெடித்த காட்சியை உலகம் கண்டது பெரும்பாலும் மோட்டார் வண்டிகளின் முகப்புக் கமராக்கள் வாயிலாகவே. வீதி விபத்துக்கும் அக்கமராவே சாட்சியாகும்.

அதனைப் பின்காட்சிக் கண்ணாடிக்கு அப்பால், சாரதியின் பார்வையை மறையாவண்ணம் ஒட்டுதல் வேண்டும். நினைவு அட்டையைக் கமராவிலேயே இட்டு வெறுமையாக்கி ஒழுங்கு செய்தல் நன்று.

கமராவை உள்ளிருந்து இயக்கும் மென்பொருள் ‘பேர்ம்வெயார்’ எனப்படும். அதனைப் புதுப்பிக்குங்கால், தயாரிப்பாளர் அம்மாதிரிக்கென்றே வெளியிட்ட கோப்பை அட்டையிற் பதித்து, பணி முடியும்வரை மின்னிணைப்பைத் துண்டியாதிருங்கள். இடையே மின் அறுந்தால் கருவி இயங்காது போகவுங்கூடும்.

புதுப்பித்தபின் திகதியும் நேரமும் மாறியிருக்கலாம். அவற்றைத் திருத்த மறவாதீர்கள். திகதி பிழைத்த வரவுப் பதிவேட்டை ஆசிரியரே நம்பார். திகதி பிழைத்த சாட்சியை நீதிமன்றம் எங்ஙனம் நம்பும்?