மின்கலத்தைக் காக்கும் சில துளிகள்

லித்தியம் அயனி மின்கலம் ஏறத்தாழ 15 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரையில்தான் நன்றாக உழைக்கும் என்பதாலும், கலங்களுக்கிடையே 5 டிகிரிக்கு மேல் வேறுபாடு நிலவினால் சூடான கலங்கள் விரைவில் நலிந்துவிடும் என்பதாலும், மின்வண்டிகளில் வெப்பத்தைச் சீராக வெளியேற்ற வெப்பக் குழாய்கள் ஆராயப்பட்டு வருகின்றன. காற்றை அகற்றி மூடப்பட்ட இந்த உலோகக் குழாய்க்குள் சில மில்லிலிட்டர் திரவமே இருக்கும். அது சூடான முனையில் ஆவியாகி, குளிர்ந்த முனையில் மீண்டும் திரவமாகி, உட்சுவரை ஒட்டிய நுண்துளைப் படலத்தின் வழியே, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல், புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்கிறது. இதற்குப் பம்பும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம்.

திரவத்தின் அடர்த்தி, பரப்பு இழுவிசை, உள்ளுறை வெப்பம் (அதாவது ஆவியாகும்போது அது உறிஞ்சும் வெப்பம்) ஆகியவற்றைப் பெருக்கிப் பாகுநிலையால் வகுத்தால் கிடைக்கும் தகுதி எண்ணில், இந்த வெப்பநிலைகளில் நீருக்கு ஈடாக எதுவும் அருகில் இல்லை. 40 டிகிரியில் ஒரு கிலோ நீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பம் தேவைப்படுகையில், அசிட்டோனுக்கு அதில் கால் பங்குகூடத் தேவையில்லை.

ஆயினும் எண்ணை மட்டும் நம்பித் திரவத்தைத் தேர்ந்துவிட முடியாது. எடை குறைந்த அலுமினியக் குழாயில் நீரை அடைத்தால் இரண்டும் வினைபுரிந்து ஹைட்ரஜன் வெளிப்படும். திரவமாக மாறாத அந்த வாயு குளிர்ந்த முனையில் தேங்கி, ஆவி அங்கே வந்து சேரவிடாமல் தடுத்துவிடும். ஆகவே நீருக்குச் செம்புக் குழாய்தான் ஏற்றது, ஆனால் செம்பு அலுமினியத்தைவிட மூன்று மடங்குக்கு மேல் கனமானது. அலுமினியத்தோடு ஒத்துப்போகும் அசிட்டோன் எளிதில் தீப்பற்றும். தீ அபாயம் உள்ள மின்கலத்தை ஒட்டி அதை வைப்பது பெருங்கவலைக்குரியது. விண்கலங்களிலும், அலாஸ்கா எண்ணெய்க் குழாய்த்தடத்தின் தூண்களிலும் பல்லாண்டுகளாக உழைக்கும் அம்மோனியா, 40 டிகிரியில் வளிமண்டல அழுத்தத்தைப் போல் 15 மடங்கு அழுத்தத்தோடு சுவரை நெருக்குவதோடு, கசிந்தால் நச்சாகவும் ஆகிவிடும். பயணிகள் அமரும் வண்டிக்கு அது பொருந்தாது.

எஞ்சுவது உறைதல் என்னும் சிக்கல். நார்வே போன்ற நாடுகளில் குளிர்காலத்தில் நீர் உறைந்துவிடும் என்பது உண்மையே. ஆனால் அந்தக் குளிரில் மின்கலத்துக்கு வேண்டியது குளிர்ச்சியன்று, கதகதப்பு. உண்மையான ஆபத்து வண்டி புறப்பட்ட பிறகே தோன்றுகிறது: கலம் சூடாகியும் மறுமுனை உறைநிலையிலேயே இருந்தால், அங்கே சேரும் ஆவி பனிக்கட்டியாகித் திரும்பி வராமல், சூடான முனை வறண்டுபோகும். குழாய் வெடிப்பதைத் தவிர்க்கவோ, செம்புத் துகள்களைச் சுட்டு இணைத்த படலத்தின் துளைகள் நிறையும் அளவுக்கு மட்டுமே நீரை அளந்து ஊற்றுகிறார்கள். அவ்வாறு செய்தால் தனியே தேங்கி உறைந்து சுவரைப் பிளக்கும் அளவுக்கு நீர் அங்கே மிஞ்சுவதில்லை.