பாட்டரி தளர்ந்தால் முள் என்ன சொல்லும்?

காரின் பெட்ரோல் மானி எதை அளக்கிறது என்று உங்களைக் கேட்டால், "இதென்ன கேள்வி, பெட்ரோலைத்தான்!" என்பீர்கள். ஆனால் ஓட்டுநருக்கு எதிரே கண்ணாடிக்குள் நிற்கும் அந்த முள் பெட்ரோலைக் கண்டதே இல்லை. பெட்ரோல் தொட்டி காரின் பின்புறத்தில் இருக்கிறது. முள்ளோ முன்புறத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஓடுவது மின்சாரம். அந்த மின்சாரத்தைத் தருவது பாட்டரி. அப்படியானால் பாட்டரிக்கு உடல்நலம் குன்றினால் முள் சரியாகச் சொல்லுமா?

இதற்கு விடை காண ஒரு பழைய பந்தயப் பாணிக் காரைத் திறந்து பார்ப்போம். இங்கிலாந்தில் அபிங்டன் என்ற ஊரில் 1962 முதல் 1980 வரை தயாரான எம்.ஜி.பி. என்ற சிறிய கார் அது. முதலில் வந்தது இருவர் மட்டுமே அமரும் திறந்த கார். அதன் உடன்பிறப்பு வகைகளையும் சேர்த்தால் ஐந்து லட்சத்துக்கும் மேல் விற்பனையாயின. இன்றும் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஆர்வலர்கள் பலர் அவற்றைப் பேணி ஓட்டி வருகிறார்கள். நம் பாடத்துக்கு இந்தக் கார் மிகவும் ஏற்றது. ஏனென்றால் அதன் கருவிகள் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ளக் கூடியவை. இன்றைய கார்களில் எல்லாம் கறுப்புச் சில்லுக்குள் ஒளிந்துகொண்டிருக்கும்.

எம்.ஜி.பி.யின் முகப்புப் பலகையில் உள்ள எல்லா முட்களுக்கும் பாட்டரி தேவையில்லை. வேகமானியை எடுத்துக்கொள்ளுங்கள். பற்சக்கரப் பெட்டியிலிருந்து ஒரு முறுக்குக் கம்பி சுழன்றபடி வந்து, மானிக்குள் ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது. காந்தம் சுழலும்போது அருகிலுள்ள உலோகக் கிண்ணத்தில் சுழல் மின்னோட்டங்கள் தோன்றி, கிண்ணத்தையும் அதனோடு முள்ளையும் திருப்புகின்றன. பாட்டரியைக் கழற்றிவிட்டுக் காரைச் சரிவில் உருட்டினாலும் இந்த முள் எழும்! பெரும்பாலான எம்.ஜி.பி.களில் எண்ணெய் அழுத்த மானியும் இப்படித்தான். அதற்குள் மெல்லிய குழாய் வழியே எண்ணெயே நேரில் வந்து அழுத்துகிறது. ஆகவே நம் சந்தேகம் பெட்ரோல் மானியின் மீதும், பிற்கால வண்டிகளில் இருந்த மின்சார வெப்பமானியின் மீதும்தான்.

பெட்ரோல் தொட்டிக்குள் ஒரு மிதவை இருக்கிறது. பெட்ரோல் ஏறினால் மிதவையும் ஏறும். மிதவையின் கை ஒரு மின்தடைக் கம்பியின் மேல் நகர்கிறது. தொட்டி நிறைந்திருந்தால் மின்தடை குறைவு. காலியானால் மின்தடை மிகுதி. ஆகவே தொட்டி நிறைந்திருக்கும்போது சுற்றில் அதிக மின்னோட்டம் பாயும்.

இந்த மின்னோட்டம் மானிக்குள் என்ன செய்கிறது? பள்ளி ஆய்வுக்கூடத்தில் ஈருலோகப் பட்டையைப் பார்த்திருப்பீர்கள். வெவ்வேறு அளவு விரியும் இரண்டு உலோகங்களை ஒட்டிச் சூடாக்கினால் பட்டை வளையும். 1960களின் நடுவிலிருந்து வந்த எம்.ஜி.பி.யின் பெட்ரோல் மானியில் அதே பட்டைதான் இருக்கிறது. அதைச் சுற்றி மெல்லிய கம்பி சுற்றப்பட்டிருக்கும். மின்னோட்டம் கம்பியைச் சூடாக்கும், பட்டை வளையும், முள் நகரும். (அறை வெப்பமே பட்டையை வளைத்துவிடாதா என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. பட்டை இரண்டு கால்கள் உள்ள வளைவாக வெட்டப்பட்டிருக்கிறது. ஒரு காலில் மட்டுமே கம்பி சுற்றியிருக்கும். வெயிலானாலும் பனியானாலும் இரண்டு கால்களும் ஒருசேர வளைவதால் அந்த விளைவு கழிந்துவிடுகிறது.)

சூடேற நேரமாகும் அல்லவா? அதனால் சாவியைத் திருப்பியதும் இந்த முள் மெல்லத்தான் எழும். இந்தச் சோம்பல் ஒரு வகையில் நன்மையே. திருப்பங்களில் விரைந்து வளையும் காரில் பெட்ரோல் தொட்டிக்குள் அலைமோதும். ஆனாலும் முள் ஆடாது.

ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. மின்தடை மாறாதபோது, கம்பியில் தோன்றும் வெப்பம் மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். காரின் மின்னழுத்தமோ ஒரே நிலையில் நிற்பதில்லை. நல்ல பாட்டரி முழுதும் மின்னேற்றப்பட்டு ஓய்வாக இருக்கும்போது ஏறத்தாழ 12.6 வோல்ட் தரும். எஞ்சின் ஓடி, பாட்டரிக்கு மின்னேற்றம் நடக்கும்போது 14 வோல்ட் வரை போகும். பாட்டரி தளர்ந்தால் 12 வோல்ட்டுக்கும் கீழே இறங்கும். 14-ஐயும் 12-ஐயும் வர்க்கப்படுத்திப் பாருங்கள்: 196, 144. அதாவது தொட்டியில் ஒரு துளி பெட்ரோல்கூடக் குறையாமலே, கம்பியின் வெப்பம் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்துவிடும்! எஞ்சினை நிறுத்தியதும் பெட்ரோல் 'காணாமல்' போகும். ஓட்டினால் திரும்பி வரும். இப்படியொரு மானியை யார் நம்புவார்கள்?

இதற்காகவே முகப்புப் பலகையின் பின்னால் தீப்பெட்டியைவிடச் சிறியதாக ஒரு தகரப் பெட்டியை வைத்தார்கள். அதற்கு மின்னழுத்த நிலைப்படுத்தி என்று பெயர். அதற்குள்ளும் ஓர் ஈருலோகப் பட்டைதான்! பட்டையின் நுனியில் ஒரு மின்தொடுப்பு. மின்சாரம் பாயும், பட்டை சூடாகி வளையும், தொடுப்பு விலகும். மின்சாரம் நின்றதும் பட்டை ஆறி நிமிரும். தொடுப்பு மறுபடி சேரும். எஞ்சின் சத்தத்தில் நமக்குத் தெரியாமல் இது ஓயாமல் நடந்துகொண்டிருக்கும். பாட்டரி 14 வோல்ட் தந்தால் பட்டை விரைவில் சூடாகி, மொத்த நேரத்தில் ஏறக்குறைய பாதி நேரம்தான் மின்சாரத்தை விடும். 12 வோல்ட் தந்தால் பத்தில் ஏழு பங்கு நேரம் விடும். எப்படியானாலும் மானிக்குக் கிடைக்கும் வெப்பம், நிலையான 10 வோல்ட் தரும் வெப்பத்துக்குச் சமமாக இருக்கும். மானியின் சோம்பல் இங்கேயும் உதவுகிறது: மின்சாரம் விட்டுவிட்டு வந்தாலும் முள் துடிப்பதில்லை. இவ்வளவு மலிவான பொருள்களைக் கொண்டு இவ்வளவு சாமர்த்தியமாகச் செய்த கருவிகள் அதிகம் இல்லை.

சரி, ஏன் 10 வோல்ட்? பாட்டரி 12.6-லிருந்து 11.5-க்குத் தளர்ந்தாலும் நிலைப்படுத்திக்கு வெட்டுவதற்கு மிச்சம் இருக்க வேண்டும் என்பதற்காக. 10 வோல்ட்டுக்குக் கீழே போய்விட்டால் தொடுப்பு எப்போதும் சேர்ந்தே இருக்கும். வருவதை அப்படியே அனுப்பும். இல்லாத மின்னழுத்தத்தை அதனால் உண்டாக்க முடியாது.

இப்போது பாட்டரியின் உடல்நலத்துக்கு வருவோம். கார் பாட்டரியில் தலா 2.1 வோல்ட் தரும் ஆறு காரீயக் கலங்கள் தொடராக இணைந்திருக்கின்றன. பழைய எம்.ஜி.பி.களில் இந்த ஆறும் 6 வோல்ட் பாட்டரிகள் இரண்டாகப் பிரிந்து, இருக்கைகளுக்குப் பின்னே தரைப்பலகையின் அடியில் ஒளிந்திருந்தன. கண்ணில் படாத பொருளை யார் கவனிப்பார்கள்? ஆறில் ஒரு கலம் செத்துப்போனால் மிஞ்சுவது 10.5 வோல்ட். பாருங்கள், எல்லைக் கோட்டின் ஓரத்துக்கே வந்துவிட்டோம்.

கலங்கள் சாகாவிட்டாலும் முதுமை வேறொரு வழியில் வருகிறது. தகடுகளின் மேல் காரீய சல்பேட் கெட்டியாகப் படிகிறது. தகட்டுப் பொருள் உதிர்கிறது. இதனால் பாட்டரியின் அகத்தடை கூடுகிறது. புதிய பாட்டரியின் அகத்தடை 0.01 ஓம் என்றும், ஸ்டார்ட்டர் மோட்டார் 150 ஆம்பியர் இழுக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். பாட்டரிக்குள்ளேயே 1.5 வோல்ட் வீணாகும். அது பெரிய நஷ்டமில்லை. அகத்தடை மும்மடங்கானால் 4.5 வோல்ட் போய்விடும். 12.6-ல் மிஞ்சுவது 8.1 மட்டுமே.

இதை நீங்களே சோதிக்கலாம். தளர்ந்த டார்ச் விளக்குக் கலம் ஒன்றை எடுத்து வோல்ட்மானியில் இணையுங்கள். நல்ல கலம் போலவே நடிக்கும். இப்போது ஒரு சிறிய பல்பையும் சேர்த்து எரியவிடுங்கள். வோல்ட்மானியின் முள் சட்டென்று சரியும். கிழவனுடைய பலம் சுமை ஏற்றும்போதுதான் தெரியும்! (கார் பாட்டரியில் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். அதன் இரு முனைகளையும் தவறுதலாக ஒரு கம்பி இணைத்துவிட்டால் கம்பி பழுத்துக் கையைச் சுட்டுவிடும்.)

இரவு நேரம் ஒன்றைக் கற்பனை செய்யுங்கள். 1967 வரை வந்த எம்.ஜி.பி.களில் டைனமோ இருந்தது. எஞ்சின் மெதுவாக ஓடும்போது டைனமோவால் போதிய மின்சாரம் தர முடியாது. மழை; போக்குவரத்து நெரிசல்; முன்விளக்குகள் எரிகின்றன; துடைப்பான் ஓடுகிறது; காற்றாடி சுழல்கிறது. சுமை முழுவதும் கிழட்டுப் பாட்டரியின் தலையில் விழுகிறது. விளக்குகள் மஞ்சளாகின்றன. பெட்ரோல் முள் இறங்குகிறது. காரில் இருப்பது மின்சார வெப்பமானியானால், அதன் முள்ளும் கூடவே இறங்கும். மின்னழுத்தம் 8 வோல்ட் என்றால் வெப்பம் நூற்றுக்கு அறுபத்து நாலு பங்குதான்.

பெட்ரோல் குறைவாகத் தெரிந்தால் கேடில்லை. முன்னதாகவே பெட்ரோல் போடுவோம், அவ்வளவுதான். ஆனால் எஞ்சின் கொதித்துக்கொண்டிருக்கும்போது வெப்பமானி 'குளிர்ச்சி' என்று சொன்னால்? ஓட்டுநர் நிம்மதியாக ஓட்டிக்கொண்டே எஞ்சினைப் பாழாக்கிவிடுவார்.

எப்படிக் கண்டுபிடிப்பது? இங்கேதான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். தொட்டியின் பெட்ரோலும் எஞ்சினின் வெப்பமும் ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை. அவை இரண்டும் ஒரே நிமிடத்தில், ஒரே வேகத்தில் இறங்கக் காரணமே இல்லை. இரண்டு முட்களும் ஜோடியாக நகர்ந்தால், இரண்டுக்கும் பொதுவான ஏதோ ஒன்று நகர்கிறது. அது பாட்டரியின் மின்னழுத்தம், அல்லது நிலைப்படுத்தி. ஒரு முள் மட்டும் நகர்ந்தால் அந்த மானியையும் அதன் தொட்டியையும் கம்பியையும் பாருங்கள்.

ஜோடியாக மேலே ஏறுவதும் உண்டு. நிலைப்படுத்தியின் உடலைக் காரின் இரும்போடு இணைக்கும் இடம் துருப்பிடித்தால், உள்ளே பட்டையைச் சூடாக்கும் கம்பிக்குத் திரும்புபாதை இல்லாமல் போகும். பட்டை வளையாது, தொடுப்பு விலகாது, 14 வோல்ட்டும் அப்படியே மானிக்குப் போகும். கிட்டத்தட்ட இருமடங்கு வெப்பம்! அரைத் தொட்டி முழுத் தொட்டியாகக் காட்சியளிக்கும். நடுவழியில் நிற்கும்போதுதான் ஓட்டுநருக்கு உண்மை தெரியும். பாவம், பாட்டரி மேல் இதில் குற்றமில்லை.

1960களின் நடுப்பகுதிக்கு முன் வந்த எம்.ஜி.பி.களில் நிலைப்படுத்தியே கிடையாது. அவை வேறு தந்திரத்தைக் கையாண்டன. முள்ளோடு ஒட்டிய இரும்புத் துண்டை இரண்டு கம்பிச் சுருள்கள் இரண்டு பக்கமாக இழுக்கும். பாட்டரி தளர்ந்தால் இரண்டு இழுப்புகளும் ஒரே விகிதத்தில் குறையும்; முள் நின்ற இடத்திலேயே நிற்கும். நிலாவுக்குப் போனால் வில் தராசு ஆறில் ஒரு பங்கு எடைதான் காட்டும். இரண்டு தட்டுத் தராசோ பூமியில் காட்டிய அளவையே அங்கும் காட்டும். இரண்டு சுருள் மானி, தட்டுத் தராசின் ஜாதி. பாட்டரி விஷயத்தில் அது உயர்ந்ததுதான். ஆனால் சோம்பல் இல்லாததால், திருப்பத்துக்குத் திருப்பம் பெட்ரோலோடு சேர்ந்து முள்ளும் ஊஞ்சலாடும்.

இன்னொரு வேடிக்கை. அந்தக் காலத்து பிரிட்டிஷ் கார்கள் சிலவற்றில் 'பாட்டரி நிலை' காட்டும் மானி ஒன்று இருந்தது. அதுவும் ஈருலோகப் பட்டை மானியேதான். நிலைப்படுத்தி வழியாக இணைக்காமல் நேராகப் பாட்டரியோடு இணைத்தார்கள். பெட்ரோல் மானிக்கு எது பெரிய குறையோ, அதுவே இங்கே வேலை!

இன்றைய கார்களில் முள்ளை நகர்த்துவது படிப்படியாகத் திரும்பும் சிறு மோட்டார். எத்தனை படி திருப்ப வேண்டும் என்பதைக் கணிப்பொறிச் சில்லு எண்ணிச் சொல்கிறது. சில்லுக்கு வேண்டியது 5 வோல்ட் போன்ற சிறிய அழுத்தம். ஆகவே பாட்டரி ஓரளவு தளர்ந்தாலும் முட்கள் ஒரு சிறிதும் பிசகுவதில்லை. ஆனால் ஸ்டார்ட்டர் இழுக்கும் அந்த ஒரு நொடியில் மின்னழுத்தம் மிகவும் சரிந்தால் சில்லு மயங்கிவிடும். மயங்கினால் எண்ணிக்கை மறந்துபோகும். இந்த மோட்டார்கள் பலவற்றில் முள்ளைத் திருப்பிக் கொண்டுவரும் வில் கிடையாது. ஆகவே முள் பாதி வழியில் அப்படியே நின்றுவிடும். தெளிந்ததும் சில்லு எல்லா முட்களையும் இடது ஓரத்திலுள்ள தடை வரைக்கும் தள்ளி, அங்கிருந்து புதிதாக ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கும். காலையில் சாவியைத் திருப்பும்போது முட்கள் எல்லாம் விழுந்து எழுந்தால், அந்தக் காரின் பாட்டரியைச் சுமை ஏற்றிச் சோதிக்க வேண்டிய நாள் வந்துவிட்டது.