புத்தகத்தை மூடிய பிறகு தொடங்கும் படிப்பு

தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குத் தயாராகும் மாணவர்கள் பலர், ஒரு பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பதையும் முக்கிய வரிகளுக்கு அடியில் கோடிடுவதையுமே படிப்பு என்று எண்ணுகின்றனர். ஆனால் மூன்றாம் முறை வாசிக்கையில் வரிகள் தடையின்றி ஓடுவது, அவை கண்ணுக்குப் பழகிவிட்டன என்பதைக் காட்டுமே தவிர, தேர்வறையில் அவற்றைப் பாராமல் எழுத முடியும் என்பதற்குச் சான்றாகாது.

இந்த வேறுபாட்டை அமெரிக்க உளவியலாளர்களான ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கியும் 2006இல் வெளியிட்ட ஆய்வு தெளிவாகக் காட்டியது. ஓர் உரைப்பகுதியை நான்கு அமர்வுகளிலும் வாசித்த கல்லூரி மாணவர்கள், ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது அதில் 83 விழுக்காட்டை நினைவுகூர்ந்தனர். முதல் அமர்வில் மட்டும் வாசித்துவிட்டு மற்ற மூன்றிலும் பாராமல் எழுதிப் பார்த்தவர்கள் 71 விழுக்காட்டையே எட்டினர். ஒரு வாரம் கழித்துச் சோதிக்கப்பட்டவர்களிடம் நிலைமை தலைகீழானது: வாசித்தவர்கள் 40 விழுக்காடு, எழுதிப் பார்த்தவர்கள் 61. படித்ததை உதவியின்றி மனத்திலிருந்து வெளிக்கொணரும் இம்முறை நினைவுமீட்புப் பயிற்சி எனப்படுகிறது. சிறு உரைப்பகுதியை வைத்துச் செய்த சோதனையின் எண்களை முழுப் பாடநூலுக்கும் அப்படியே பொருத்த முடியாதெனினும், முதல் நாள் இரவு எல்லாம் தெரிந்ததுபோல் தோன்றிய பாடம் சில நாள்களில் கைவிட்டுப் போவதேன் என்பதை அது விளக்குகிறது.

தமிழ் மரபுக்கு இது புதிதன்று. பவணந்தி முனிவரின் நன்னூல், ஆசிரியர் சொல்வதை நன்றாகக் கேட்டுக்கொண்டாலும் மாணவருக்குக் கிட்டுவது கால்பங்கு புலமையே என்றும், உடன் பயில்வோருடன் பழகுவதால் இன்னொரு கால்பங்கும், கற்றதைப் பிறருக்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கும் வந்து சேரும் என்றும் பங்கிடுகிறது. இன்றைய மாணவர் நேரத்தைச் செலவிடும் விகிதம் பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது: பள்ளியில் கேட்டதையே தனிப்பயிற்சி வகுப்பில் மறுபடி கேட்கிறார், இயக்க விதிகளைப் பக்கத்திலிருக்கும் தோழருக்கு விளக்கிச் சொல்ல அவருக்கு வேளை வாய்ப்பதில்லை.

நினைவுமீட்பை எப்போது செய்வது என்பது அடுத்த வினா. ஜெர்மானியரான ஹெர்மன் எபிங்ஹாஸ், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, மறதி முதல் சில மணி நேரத்தில் விரைந்தும் பின்னர் மெதுவாகவும் நிகழ்வதை 1885இல் பதிவு செய்தார். ஆகவே ஒரே நாளில் நான்கு மணி நேரம் படிப்பதைவிட, அதே நேரத்தைப் பல நாள்களுக்குப் பிரித்து, சற்று மறந்த நிலையில் மீண்டும் நினைவுகூர்வதே பயன் தரும். காலாண்டு, அரையாண்டு, திருப்புதல் தேர்வுகள் என்னும் பள்ளி நாள்காட்டி இந்த இடைவெளியை ஏற்கெனவே அமைத்துத் தருகிறது. வருந்தத்தக்கது என்னவெனில், திருத்திய விடைத்தாள் கைக்கு வந்ததும் மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு அதைப் பைக்குள் திணிப்பதுதான். படிக்காமல் விட்டது, படித்தும் நினைவுக்கு வராதது, வினாவையே தவறாகப் புரிந்துகொண்டது என்று இழந்த மதிப்பெண்களை மூன்றாகப் பிரித்தால், ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு என்பது விளங்கும்.

கணிதத்தில் சிக்கல் வேறு வகையானது. அளவியல் பாடத்தின் முதல் பயிற்சி முழுவதும் புறப்பரப்பு, அடுத்தது கன அளவு. எந்தச் சூத்திரம் தேவை என்பதைப் பயிற்சியின் தலைப்பே சொல்லிவிடுவதால், மாணவர் அதைத் தேர்ந்தெடுக்கப் பழகுவதேயில்லை. வினாத்தாளில் கூம்பு வடிவக் கூடாரம் ஒன்று வரும்போது, கேட்கப்படுவது துணியின் அளவா உள்ளிருக்கும் காற்றின் அளவா, தேவை சாயுயரமா செங்குத்துயரமா என்பதை அவரே முடிவு செய்ய வேண்டும். இதற்கென்று வெவ்வேறு பாடங்களின் கணக்குகளைக் கலந்துபோட்டுச் செய்வது கலப்புப் பயிற்சி எனப்படும். தொடக்கத்தில் பிழைகள் கூடுவதால் மாணவர் விரும்பாத முறை இது, ஆயினும் தேர்வின் தன்மைக்கு மிக நெருங்கியது.

அண்மை ஆண்டுகளாக நடைமுறையிலுள்ள வினாத்தாள் அமைப்பில், நூறு மதிப்பெண் கொண்ட கணிதத் தேர்வு ஒரு மதிப்பெண் வினாக்கள் 14, இரண்டு மதிப்பெண் வினாக்கள் 10, ஐந்து மதிப்பெண் வினாக்கள் 10, எட்டு மதிப்பெண் வினாக்கள் 2 எனப் பிரிகிறது. கடைசி இரண்டும் செய்முறை வடிவியலும் வரைபடமும் ஆகும். 16 மதிப்பெண் கொண்ட இப்பகுதிக்குக் கவராயமும் அளவுகோலும் பிடித்த கையின் பழக்கமே தேவை என்பதால், உதவிப்படம் வரைவது, அளவுத்திட்டம் குறிப்பது உள்பட முழு விடையையும் கடிகாரத்தை வைத்துக்கொண்டு வாரம் ஒருமுறையேனும் வரைந்து பார்ப்பது, தீர்த்த கணக்குகளை நோட்டில் புரட்டிப் பார்ப்பதைவிடப் பன்மடங்கு பயனுடையது.